பெரியவங்க மலையேறிய வழி

லெவானோவின் கத்தி என் மாவு மூட்டையின் வயிற்றைக் கிழித்தது. கணவாய்க் காற்று அதற்காகவே காத்திருந்த மாதிரி மாவை அள்ளிக்கொண்டு போய்க் கோவேறு கழுதைகளின் மூஞ்சியில் பூசியது.

"ஐயா, அது ராத்திரி ரொட்டிக்கு வச்ச மாவு," என்றேன்.

"சமையல்காரன் வாயை மூடு. அடுத்த மூட்டையை இறக்கு."

இறக்கினேன். சுள்ளென்று ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது. கம்பெனி மேற்பார்வையாளர் லெவானோவோடு போலீஸ்காரர் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஆறு பயணிகளும் பிளாஸ்டிக் மழைக்கோட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு, இதுவும் நடைப்பயணத்தில் சேர்ந்ததோ என்ற சந்தேகத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிகாசியா மட்டும் அசையவில்லை. ஒரு கையில் முதல் கழுதையின் கடிவாளம், மறு கை மார்பின் மேல் முதுகுத்துணியின் முடிச்சில். முதுகில் மகள் ஊர்ப்பி.

இந்தத் தடத்தில் வழிகாட்டி வேலை பார்க்கும் ஒரே பெண் அவள்தான். பயணிகளை ஆற்றங்கரை டவுனிலிருந்து கூட்டிக்கொண்டு, இந்தக் கணவாய் தாண்டி, எங்கள் ஊர் பூக்காபம்பாவில் ஒரு ராத்திரி தங்கவைத்து, மறுநாள் வில்காமார்க்கா இடிபாடுகளைக் காட்டி இறக்க வேண்டும். நான் அவளுக்குப் பின்னால் பானை சட்டிகளோடு நடக்கிறவன்.

"கடைசியாக் கேக்குறேன், நிகாசியா," என்றார் லெவானோ. "எங்க வச்சிருக்கீங்க?"

"எதைய்யா?"

"எதைன்னு உனக்குத் தெரியாது?"

"கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பூட்டுனீங்களே, அதுவா? பெட்டி உங்களுது. பூட்டு உங்களுது. காவலுக்கு நின்னவனும் உங்க ஆளு. காணாமப் போனதும் நான் உங்களுக்கு ஞாபகம் வந்துட்டேனா?"

போலீஸ்காரர்களில் வயதானவர் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

காணாமல் போனது எங்கள் பெரியவங்க. வில்காமார்க்காவுக்கு மேலே ஒரு குகை உண்டு. இன்கா காலத்திலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள், கம்பளித் துணி சுற்றி, முழங்காலைக் கட்டிக்கொண்டு. உடம்பு காய்ந்து சுள்ளியாகிவிட்டது, ஆனால் முகம் அப்படியே இருக்கும். விதைப்புக்கு முன்னால் ஊரே சோளக்கள்ளோடு மேலே ஏறும். பழைய துணியைக் களைந்து புதியது போர்த்துவோம். யாருக்குக் கல்யாணம் ஆனது, யார் செத்தது, எந்த வீட்டில் லாமா குட்டி போட்டது என்று வருஷத்துச் சேதியெல்லாம் சொல்வோம். சொல்லாமல் விட்டால் கோபம் வரும் என்று நம்பிக்கை.

அப்புறம் கம்பெனி வந்தது. இடிபாடுகளைப் பராமரிக்கிறோம் என்று சொல்லிக் கல்படிக்கட்டின் தொடக்கத்தில் இரும்புக் கேட் போட்டார்கள். பாதுகாப்புக்கு என்று சொல்லிப் பெரியவங்களைக் கீழே இறக்கி, ஆற்றங்கரை விடுதியின் வரவேற்பறையில், காபி மிஷினுக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். திருப்பிக் கேட்டுப் போன ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கொரு கப் காபி கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒரு விதைப்பும் உருப்படவில்லை. கிழங்கு பூக்கும் சமயம் பார்த்து ஆலங்கட்டி அடிக்கும்.

முந்தாநாள் காலையில் பெட்டி காலியாக இருந்தது. அன்றைக்கு மத்தியானமே நிகாசியாவின் புருஷன் தெமெத்ரியோ, பெருநகரம் போகும் பஸ்ஸில் மடியில் ஆணி அடித்த மரப்பெட்டியோடு பிடிபட்டான். ஸ்டேஷனில் வைத்து உடைத்தார்கள். உள்ளே பனியில் உலர்த்திய கறுத்த உருளைக்கிழங்கு. பெட்டி திறந்தபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தானாம். சிரித்ததற்குத் தனியாக அடி விழுந்ததாம். இன்னும் உள்ளேதான் இருந்தான்.

"உன் புருஷன் வெளிய வரணுமா வேணாமா?" என்றார் லெவானோ. "பொருள் எனக்குக் கிடைச்சா சாயங்காலமே விட்டுருவாங்க. கிடைக்கலைன்னா இந்தத் தடத்துல உங்க ஊர்க்காரன் எவனும் கழுதை ஓட்ட முடியாது. வெளியூர்ல இருந்து ஆளைக் கொண்டாந்து இறக்கிருவேன்."

"பொருளுன்னு சொல்லாதீங்க," என்றாள் நிகாசியா. "அவங்களுக்குக் காது கேக்கும்."

கூடாரங்களைப் பிரித்தார்கள். முட்டைப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். என் பெரிய சூப்புப் பானைக்குள் லெவானோ தலையை விட்டுப் பார்த்தார். "அதுல சூப்புதாங்கய்யா வரும்," என்றேன். தலையை வெளியே எடுத்தவரின் கண் நிகாசியாவின் முதுகில் போய் நின்றது.

"பிள்ளையை இறக்கு."

வயதான போலீஸ்காரர் குறுக்கே வந்தார். "சார், கணவாயில பிள்ளை முகத்தைத் திறக்கக்கூடாது. இந்தக் காத்து பட்டா பிள்ளைக்கு வாய் கோணிக்கும். எங்க பக்கம் யாரும் திறக்க மாட்டாங்க."

"உங்க பக்கத்துக் கதையை உங்க பொண்டாட்டிகிட்ட வச்சுக்கய்யா. இறக்குன்னேன்."

நிகாசியா கடிவாளத்தை என் கையில் கொடுத்தாள். மார்பு முடிச்சைத் தானே அவிழ்த்தாள். துணியை விலக்கி, தூக்கத்தில் இருந்த பிள்ளையை அப்படியே லெவானோவின் கையில் திணித்தாள்.

"பாத்துக்குங்க. நல்லாப் பாருங்க. கனம் சரியா இருக்கான்னும் பாருங்க. வேற ஏதாச்சும் திறக்கணும்னா, என் ரவிக்கை இருக்கு. அதையும் திறக்கவா? போட்டோ எடுக்க ஆளு இருக்காங்க."

ஊர்ப்பியின் தொப்பி கழன்று விழுந்தது. தலை மொட்டை. போன வாரம்தான் முதல் முடி இறக்கினோம். கத்தரிக்கோல் பிடித்தது நான். முடி இறக்கியவன் அந்த வீட்டுக்கு உடன்பிறப்பு மாதிரி, அதனால்தான் நிகாசியா என்னை அண்ணே என்பாள். அந்த மொட்டைத் தலையில் ஆலங்கட்டி ஒன்று டக்கென்று விழுந்தது. பிள்ளை கண்ணைத் திறந்தது, லெவானோவின் மீசையைப் பார்த்தது, ஒரு கத்து கத்தியது. அடுத்த நொடி அவருடைய வெள்ளைக் கோட்டில் மார்பிலிருந்து இடுப்பு வரை மஞ்சளாக ஒரு கோடு இறங்கியது.

கழுதைக்காரன் ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும். பயணிகள் ஆறு பேரும் சேர்ந்து போட்டோ எடுத்தார்கள்.

"நாளைக்கு மேல் கேட்டுல வச்சுப் பேசிக்கிறேன்," என்று பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோட்டை உடம்போடு ஒட்டாமல் பிடித்துக்கொண்டு இறங்கினார் லெவானோ. ஆற்றங்கரையிலிருந்து கேட் வரைக்கும் கம்பெனி மோட்டார் பாதை போட்டிருக்கிறது. நாங்கள் நடந்து போவதற்குள் அவர் போய் உட்கார்ந்திருப்பார்.

நிகாசியா பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். கணவாயின் கற்குவியலில் ஒரு கல்லை வைத்தாள். மூன்று கோக்கா இலைகளை விசிறி போல விரித்து வாயருகே பிடித்து, மலைச்சாமியின் பேரைச் சொல்லி ஊதினாள். பயணிகளுக்கு இதெல்லாம் எப்போதும் விளக்கிச் சொல்வாள். அன்றைக்குச் சொல்லவில்லை.

இறக்கத்தில் அவள் பக்கத்தில் போய் நடந்தேன்.

"நிசமாச் சொல்லு தங்கச்சி. உனக்குத் தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும்ண்ணே?"

"என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"பொய் சொன்னா உங்க காது செவந்துரும்ண்ணே. போன திருவிழாவுல சீட்டாட்டத்துல பாத்தேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னாள், "பாவம், என் புள்ளைக்குத்தான் கணவாய்க் காத்து பட்டுருச்சு. ஊருக்குப் போனதும் முன்யா இலைப் புகை காட்டணும்."

பூக்காபம்பாவில் வெயில் சாயும் நேரம். மழை விட்டிருந்தது. ஈச்சுப் புல் கூரைகளிலிருந்து ஆவி எழுந்தது. பயணிகளுக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம் அடித்து, கெஞ்சி வாங்கிய மாவில் ரொட்டி போட்டுக் கொடுத்துவிட்டு, நிகாசியாவின் நாத்தனார் வெனான்சியா வீட்டுக்குப் போனேன்.

வெனான்சியாவின் அடுப்படியில் கினிப்பன்றிகள் காலுக்குள் கீச்சிட்டு ஓடின. அடுப்பில் கிழங்கும் ஆட்டெலும்பும் கொதித்தன. அவள் மடியிலும் ஒரு கைக்குழந்தை. ஒரு மார்பில் அதற்குக் கொடுத்துக்கொண்டே அம்மிக்கல்லில் மிளகாயும் வாக்கத்தாய்க் கீரையும் அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் மாதிரி இரண்டு வேலையை ஒன்றாகச் செய்கிறவளை நான் பார்த்ததில்லை. மூன்றாவது வேலை, வாய்.

"வாங்க சமையல்கார அண்ணே. மாவைக் காத்துக்குக் குடுத்துட்டு வந்தீங்களாமே."

"உன் தம்பி செஞ்ச வேலையால வந்தது."

"என் தம்பி உருளைக்கிழங்கு கொண்டு போனான். அது ஒரு குத்தமா?"

நிகாசியா மூலையில் ஆட்டுத்தோல் மேல் உட்கார்ந்து ஊர்ப்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் மொட்டை உச்சியில் முன்யா எண்ணெய் மினுமினுத்தது. வெனான்சியா எனக்கு ஒரு கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தாள். சூடு உள்ளே போனதும்தான் எனக்குத் தைரியம் வந்தது.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது," என்றேன். "எங்க வச்சிருந்தாலும் குடுத்துரலாம், தங்கச்சி. தெமெத்ரியோ வெளிய வரட்டும். இந்தத் தடம்தான் நமக்குச் சோறு. கழுதைக்காரங்க இருக்காங்க, கூடாரம் சுமக்குற பசங்க இருக்காங்க, நான் இருக்கேன். கம்பெனி தடத்தை மூடிட்டா என் அடுப்பை எங்க கொண்டு போய் வைப்பேன்?"

அம்மிக்கல் நின்றது.

"கேளுடி," என்றாள் வெனான்சியா. "பெரியவங்க காபி மிஷினுக்குக் காவல் நிக்கட்டுமாம். இவரு அடுப்பு எரியணுமாம்."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க, கேக்குறேன்."

நிகாசியா பிள்ளையை மறு மார்புக்கு மாற்றினாள். "விடுங்க மதினி. அண்ணே பயப்படுறதுல தப்பில்ல. நானும் பயந்தேன்." அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "அந்த விடுதிக்கு நான் ஒரு தடவை பயணிகளைக் கூட்டிட்டுப் போனேன். எனக்கு உள்ள வர அனுமதி இல்ல, ஷூ அழுக்குன்னு சொல்லிட்டாங்க. வாசல்ல நின்னு கண்ணாடி வழியாப் பாத்தேன். ஒருத்தன் பெட்டி மேல காபிக் கப்பை வச்சுட்டுப் போன்ல பேசிட்டு இருந்தான். கப்புக்குக் கீழ அவங்க முகம். துணி மாத்தி எத்தனை நாளோ. யாரும் ஒரு சேதி சொல்லல. என்னைப் பாத்த மாதிரியே இருந்துச்சு. நான் இந்தப் பக்கம், அவங்க அந்தப் பக்கம். ரெண்டு பேருக்கும் அந்தக் கதவு திறக்கல."

கினிப்பன்றி ஒன்று என் கால்மேல் ஏறி இறங்கியது.

"அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்," என்றாள். "தடத்தை மூடுவாங்களாம். தடம் என்ன அவங்க வாங்கிட்டு வந்து விரிச்ச கம்பளமா? என் ஊர்க்காலு நடந்து நடந்து உண்டானது. மூடணும்னா நாங்க மூடுவோம்."

"தெமெத்ரியோ?"

"அவரு பெட்டியில ஆணி அடிக்கும்போதே சொன்னாரு. அடிச்சா வாங்கிக்கிறேன், சிரிப்புத்தான் அடக்க முடியாதுன்னாரு."

வெனான்சியா களுக்கென்று சிரித்தாள். பிறகு தோள்துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அரைக்க ஆரம்பித்தாள். கிண்ணத்தை நக்காத குறையாகக் காலி பண்ணிவிட்டுக் கூடாரத்துக்குப் போய்ப் படுத்தேன்.

காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. நான் டீ போட்டு முடிப்பதற்குள் நிகாசியா தயாராக நின்றாள். வழக்கமாகப் பயணிகள் சாப்பிட்ட பிறகுதான் பிள்ளையைக் கட்டுவாள். அன்றைக்கு ஏற்கெனவே கட்டியிருந்தாள். மேலே இன்னொரு புதுத் துணியும் போர்த்தியிருந்தாள், நல்ல சிவப்பு, ஓரத்தில் பறவைகள் நெய்தது.

தினமும் ஊர்ப்பிக்கு என் பங்கு ஒன்று உண்டு. பால் விட்டு மசித்த கிழங்கு, கரண்டி முனையில். கொண்டு போனேன்.

"தூங்குறாண்ணே. ராத்திரியெல்லாம் பல்லு வலி, கத்தித் தீத்துட்டா. குடுங்க, அப்புறம் ஊட்டுறேன்."

கிழங்கை வாங்கி ஒரு இலையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கடைசி ஏற்றம் பொல்லாதது. ஆள் மூச்சு ஆளுக்கே கேட்கும். எப்போதும் பயணிகளுக்கு நடுவில் நடந்து கதை சொல்லிக்கொண்டே வருகிறவள், அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் போனாள். பின்னால் என்னை மட்டும் நடக்கச் சொன்னாள். மெதுவாகப் பிள்ளையோடு பேசிக்கொண்டே ஏறினாள். ருஃபினோவின் கிழக்குதிரை செத்துப்போச்சு. பள்ளிக்கூடத்துக் கூரையைக் காத்து தூக்கிட்டுப் போச்சு, இப்ப தகரம் போட்டிருக்கோம். சலுஸ்தியானாவுக்குக் கல்யாணம் ஆச்சு, மாப்பிள்ளை கீழூர்க்காரன், குடிக்க மாட்டான்னு சொல்றாங்க, பாப்போம். வெனான்சியாவுக்குப் பையன்.

தூங்குகிற பிள்ளையிடம் என்ன பேச்சு என்று நினைத்தேன். புருஷன் ஸ்டேஷனில் கிடக்கிறான், மனசு தாங்காமல் புலம்புகிறாள் என்று விட்டுவிட்டேன்.

ஓரிடத்தில் மூச்சு வாங்க நின்றோம். பயணிகளில் மார்கிட் என்று ஓர் அம்மாள், தன் நாட்டில் நர்ஸாக இருந்தவளாம். நிகாசியாவின் ரவிக்கையைக் காட்டி ஏதோ கேட்டாள். இரண்டு பக்கமும் நனைந்து வட்டம் போட்டிருந்தது. பால் கட்டிக்கொண்டிருக்கிறது, பிள்ளைக்குக் கொடுக்கவில்லையா என்கிறாள் என்று புரிந்தது.

"ஏத்தத்துல குடுத்தா கக்கிடும்," என்றாள் நிகாசியா. வலியில் உதட்டைக் கடித்திருந்தாள். முன்னால் குனிந்து, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

கேட்டில் லெவானோ நின்றார். புதுக் கோட்டு. உடன் காவலாள் ஒருவன். கேட்டுக்கு அப்பால் வில்காமார்க்கா வெயிலில் கிடந்தது. ஒன்றோடொன்று உரசி அடுக்கிய கல்சுவர்கள், கூரையில்லாத வீடுகள், படிப்படியாக இறங்கும் பழைய வயல்கள். அதற்கு மேலே குகையின் கறுத்த வாய்.

மறுபடி மூட்டைகளை இறக்கினோம். மறுபடி என் பானைக்குள் தலை விட்டார். பயணிகளின் பைகளைக் கூட உதறிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று ஆனதும் நிகாசியாவின் முன்னால் வந்தார். இரண்டு முழம் தள்ளியே நின்றார்.

"நேத்து அந்தக் கத்து கத்துச்சு. இன்னைக்குச் சத்தத்தையே காணோம்?"

"நேத்து நீங்க எழுப்புனீங்க."

"என்ன, புதுத் துணியெல்லாம் போட்டிருக்கே?"

"நல்ல இடத்துக்குப் போறோம்ல."

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அந்தச் சமயத்தில் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு காற்று புறப்பட்டு வந்தது. சிவப்புத் துணியின் ஓரம் தூக்கியது. லெவானோ எதிரே நின்றதால் அவருக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது.

பார்த்தேன்.

கையிலிருந்த கரண்டி கல்லில் விழுந்து உருண்டது. லெவானோ என்னைத் திரும்பிப் பார்த்தார். காது சிவந்திருக்கும், எனக்கே சுட்டது. நேற்று ராத்திரி நான் பேசிய பேச்செல்லாம் அந்த ஒரு நொடியில் நாக்கு நுனிக்கு வந்தது. கழுதைகள், அடுப்பு, வேலை. ஒரு வார்த்தை போதும். அவ்வளவு கூட வேண்டாம், நான் சும்மா நின்றிருந்தாலே போதும், அவர் சுற்றிக்கொண்டு பின்னால் வந்திருப்பார்.

என் போஞ்சோப் போர்வையைக் கழற்றினேன். நிகாசியாவின் முதுகில் தலையோடு காலாகப் போர்த்தி, ஓரத்தைத் துணி முடிச்சில் செருகினேன்.

"நீங்க வேணும்னா திறந்து பாருங்கய்யா," என்றேன். "ஆனா சொல்லிட்டேன், பிள்ளைக்கு ராத்திரியில இருந்து வயிறு சரியில்ல. நேத்து உங்க மேல போனது தண்ணி. இன்னைக்கு அப்படி இருக்காது. புதுக் கோட்டு வேற."

காவலாள் பக்கென்று சிரித்து இருமலாக மாற்றிக்கொண்டான். லெவானோ இன்னும் ஒரு முழம் பின்வாங்கினார். அவர் பார்வை நிகாசியாவின் ரவிக்கையில் நனைந்த வட்டங்களில் விழுந்தது. முகத்தைச் சுளித்தார்.

"போ, போய் முதல்ல பிள்ளைக்குப் பாலைக் குடு. ஒழுகுது. நாகரிகமே கிடையாது."

"ஆகட்டும்யா," என்றாள் நிகாசியா.

கேட் திறந்தது.

அவள் ஓடவில்லை. கல்படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து, முதுகு குலுங்காமல், பழைய வயல்களைத் தாண்டி மேலே போனாள். குகை வாய்க்குள் குனிந்து நுழைந்தாள். நான் பயணிகளை ஒரு கல்சுவர் பக்கம் உட்காரவைத்து டீ ஊற்றினேன். கண் குகை மேலேயே இருந்ததில் பாதி டீ தரைக்குப் போயிற்று. மார்கிட் என் கையிலிருந்து கெட்டிலை வாங்கித் தானே ஊற்றினாள்.

அப்போதுதான் சங்கு கேட்டது.

பூக்காபம்பா பக்கத்திலிருந்து, கம்பெனி கேட் போடாத, குலுங்காமல் ஏற முடியாத செங்குத்துப் பாறை வழியாக, ஊர் ஏறி வந்துகொண்டிருந்தது. கழுதைக்காரர்கள், நூல் நூற்றபடியே நடக்கும் பெண்கள், தோளில் சோளக்கள் குடங்கள். எல்லாரும் குகை வாயில் போய் வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். வாயிலே தெரியாத அளவுக்கு நிறைந்தார்கள்.

லெவானோ கேட்டிலிருந்து மூச்சு இரைக்க ஓடி வந்தார். "என்ன இது? யாரு உங்களை உள்ள விட்டது?"

குகையிலிருந்து நிகாசியா வெளியே வந்தாள். முதுகு வெறுமையாக இருந்தது. என் போஞ்சோ மடித்துக் கையில் இருந்தது.

"எங்க பெரியவங்க வீட்டுக்கு வந்துட்டாங்க," என்றாள். "பாக்கணும்னா வாங்க. ஆனா இத்தனை பேரையும் தாண்டித்தான் வரணும். யாரும் எந்திரிக்க மாட்டாங்க. ஒவ்வொருத்தரா மிதிச்சுட்டு வாங்க."

"இதுக்கு நீங்க எல்லாரும் உள்ள போவீங்க."

"எல்லாரையும் வைக்கிற அளவுக்கு ஸ்டேஷன் இருக்கா? ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. இந்த ஆறு விருந்தாளிங்களையும் நாங்களே பத்திரமாக் கீழ கூட்டிட்டுப் போய் விடுவோம். அதுக்கப்புறம் தடத்தை மூடிட்டோம். உருளைக்கிழங்கு கொண்டு போன மனுசன் திரும்பி வந்து இந்தக் கல்லுல உக்கார்ற வரைக்கும் ஒரு பயணி கால் வைக்க முடியாது. வெளியூர் ஆளைக் கொண்டாருவேன்னீங்களே, கொண்டாங்க. கணவாயில நாங்க உக்காந்திருப்போம்."

பெண்களின் நூற்புக் கதிர்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. ஒரு கிழவன் குடத்தைச் சாய்த்து, முதல் சொட்டைப் பூமிக்கு விட்டுவிட்டுக் குடித்தான்.

லெவானோ ஒரு அடி எடுத்து வைத்தார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் குரல் இறங்கிவிட்டது. "எப்படி? எல்லா மூட்டையும் பாத்தேன். ஊசி முனை விடாம எல்லாத்தையும் பாத்தேன்."

"பாத்தீங்க," என்றாள் நிகாசியா. "நேத்து என் முதுகையும் பாத்தீங்க. இன்னைக்குத்தான் விட்டுட்டீங்க."

கூட்டத்தில் வெனான்சியா இருந்தாள். இரண்டு மார்பிலும் இரண்டு பிள்ளைகள். ஒன்று அவளுடைய பையன். இன்னொன்று மொட்டைத் தலை. நிகாசியாவைப் பார்த்ததும் அந்த மொட்டைத் தலை மார்பை விட்டுவிட்டுக் கையை நீட்டி அழுதது. நிகாசியா வாங்கி அங்கேயே உட்கார்ந்து ரவிக்கையை அவிழ்த்தாள். இடுப்பில் செருகியிருந்த கிழங்கையும் மறக்காமல் எடுத்து வைத்தாள்.

லெவானோ பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு அப்போது புரிந்திருக்கும்.

எனக்குக் கேட்டிலேயே புரிந்துவிட்டது. கணவாயில் அவர் மூட்டைகளை விட்டுவிட்டுப் பிள்ளையை இறக்கச் சொன்னது வெறும் திமிருக்கு அல்ல. கண்ணாடிப் பெட்டியின் அளவு அவருக்குத் தெரியும். தெமெத்ரியோ ஆணிப் பெட்டியோடு பஸ் ஏறிய அதே காலையில், வெனான்சியா வாங்கிப் போன கம்பளி மூட்டைக்குள் இருந்து மலை ஏறியது எவ்வளவு சின்னது என்று ஊருக்கும் தெரியும்.

காற்று துணியைத் தூக்கியபோது நான் பார்த்தது தலைமுடி. சுண்டுவிரல் தடிமனில், மெல்லிசு மெல்லிசாய்ப் பின்னி, நுனியில் சிவப்புக் கம்பளி நூல் கட்டிய ஏழெட்டுச் சடைகள், இடுப்பு வரைக்கும். ஊர்ப்பியின் தலையில் ஒரு முடி கிடையாது. இறக்கியவன் நான். அந்தச் சடைகளுக்கு யாரும் கத்தரிக்கோல் வைத்ததில்லை. முதல் முடி இறக்குவதற்கு முன்பே அவளை மலைச்சாமிக்குப் பலி கொடுத்துவிட்டார்கள்.

ஊரே கும்பிட்டு, துணி மாற்றி, சேதி சொல்கிற எங்கள் பெரியவங்க, நாலு வயசு நிறையாத ஒரு பெண்குழந்தை.